ஏழு மீட்டர் படகில் உள்நாட்டு நீர்வழிப் பயணம்: முதலில் கருவிகளா, வழித்திட்டமா?

நீர்வழி எழுதியது:

ஏழு மீட்டர் நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். உள்ளே பொருத்திய 20 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், இருவர் படுக்கும் அறை, சிறிய சமையல் மேடை, 12 வோல்ட் மின்சுற்று ஆகியவை அதில் இருக்கின்றன. எரிபொருள் தொட்டியில் 60 லிட்டர் பிடிக்கும். அடுத்த பருவத்தில் இரண்டு வாரம் பயணம் செய்ய எண்ணுகிறோம். முதல் 80 கிலோமீட்டர் கால்வாய். அதில் 22 லாக்குகள், அதாவது நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள், உள்ளன. அதன்பின் 60 கிலோமீட்டர் ஆற்றை எதிர்த்துச் சென்று ஓர் ஏரியை அடைய வேண்டும். திரும்புவதும் அதே வழிதான். மொத்தம் 280 கிலோமீட்டர் என்பதால், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் 35 மணி நேரம் ஓட்டினால் போதும் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

புறப்படுவதற்கு முன் ஜிபிஎஸ் வரைபடத் திரை, ஃபிரிட்ஜ், சூரியத் தகடுகள், லித்தியம் பேட்டரி, டீசல் ஹீட்டர், படகின் முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும் மோட்டாரான பௌ த்ரஸ்டர் ஆகியவற்றைப் பொருத்த விரும்புகிறோம். எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் செய்ய இயலாது. எதிலிருந்து தொடங்குவது என்பதில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அமரம் எழுதியது:

கருவிகளின் பட்டியலைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் அந்த 35 மணி நேரத்தைத் திருத்துவோம். பெரும்பாலான கால்வாய்களில் அனுமதிக்கப்படும் வேகமே மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர்தான். கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதால், சராசரியாக 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நியாயம். அந்தக் கணக்கில் 80 கிலோமீட்டருக்கு 16 மணி நேரம். லாக் ஒன்றுக்குக் காத்திருப்பையும் சேர்த்து 20 நிமிடம் என்றால், 22 லாக்குகளுக்கு 7 மணி 20 நிமிடம். ஆக, கால்வாய்ப் பகுதிக்கு மட்டும் ஒரு வழிக்கு ஏறக்குறைய 23 மணி நேரம் ஆகும்.

ஆற்றில் கணக்கு வேறு. நீரின் மீது உங்கள் வேகம் 8, நீரோட்டம் 3 என்றால், கரையை வைத்துப் பார்க்கும்போது ஏறும் வேகம் 5, இறங்கும் வேகம் 11. அதே 60 கிலோமீட்டருக்குப் போகும்போது 12 மணி நேரமும் திரும்பும்போது ஐந்தரை மணி நேரமும் ஆகும். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 64 மணி நேரம், உங்கள் மதிப்பீட்டைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றே குறைவு. ஏரியில் தங்குவதற்கும், மழையால் ஆறு பெருகினால் காத்திருப்பதற்கும் மூன்று நாள்களை ஒதுக்கினால், மீதிப் பதினொரு நாள்களிலும் தினம் ஆறு மணி நேரம் எஞ்சின் ஓட வேண்டும். இது இயலாத காரியம் அல்ல. ஆனால் ஓய்வுப் பயணம் என்று நினைத்து வருபவர்களுக்கு இரண்டாம் வாரத்தில் சலிப்புத் தட்டும். ஏரியை இந்த ஆண்டு விட்டுவிடலாம் என்பது என் கருத்து, முடிவு உங்களுடையது.

எரிபொருளையும் இதே கணக்கிலிருந்துதான் பெற வேண்டும். கால்வாய் வேகத்தில் இத்தகைய எஞ்சின் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை எரிக்கும். ஆற்றில் 8 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்து நிற்க இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் போய்வர மட்டும் 44 லிட்டர் தேவைப்படும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை எப்போதும் கையிருப்பாக வைத்திருப்பது நல்ல வழக்கம். அப்படிப் பார்த்தால் உங்கள் 60 லிட்டரில் பயன்படுத்தத் தக்கது 40 மட்டுமே. எனவே ஆற்றுக்குள் நுழையும் இடத்தில் தொட்டியை நிரப்ப வேண்டும், ஏரிக்கரையிலும் டீசல் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி: கழிவறை எத்தகையது? தூக்கிச் சென்று காலி செய்யும் கேசட் வகை என்றால், ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளும் அந்தப் பெட்டி இருவருக்கு இரண்டு அல்லது மூன்று நாள்களில் நிறைந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதைப் பல நேரங்களில் காட்சியோ தொலைவோ தீர்மானிப்பதில்லை. அந்தப் பெட்டியே தீர்மானிக்கிறது.

மின்கம்பி எழுதியது:

அமரம் அவர்கள் வழியைக் கணக்கிட்டது போலவே மின்சாரத்தையும் கணக்கிட வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் வரை எடுக்கும். கோடையில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் அது ஓடும் என்பதால் 42 ஆம்பியர் மணி. எல்இடி விளக்குகளுக்கு 8, வரைபடத் திரைக்கு 6, நீர் பம்புக்கு 2, கைப்பேசிகளுக்கு 7 என்று வைத்தால், மொத்தம் நாளொன்றுக்கு 65 ஆம்பியர் மணி. ஃபிரிட்ஜைத் தவிர மற்றவை எல்லாம் சில்லறைச் செலவு என்பதைக் கவனியுங்கள்.

ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடக் கூடாது. அப்படி விட்டால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும். ஆகவே 100 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு இருந்தால், பயன்படுத்தத் தக்கது 100. தினமும் ஆறு மணி நேரம் எஞ்சின் ஓடும் நாள்களில், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரே போதும். சிக்கல் வருவது ஏரியில் அசையாமல் நிற்கும் நாள்களில்தான். தட்டையாகக் கிடத்திய 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 25 முதல் 30 ஆம்பியர் மணி தரும். 200 வாட் இருந்தால் கோடைக் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். லித்தியம் உங்கள் பயணத்துக்குத் தேவையில்லை.

அலைக்கரை எழுதியது:

மின்கம்பி அவர்களின் கூட்டல் கழித்தல் சரியாக இருந்தாலும், முடிவை நான் ஏற்கவில்லை. ஈய அமில பேட்டரி எண்பது சதவீதம் வரை ஓரளவு வேகமாக மின்னேற்றம் பெறும். அதற்கு மேல் அது ஏற்கும் மின்னோட்டம் குறைந்துகொண்டே போவதால், கடைசி இருபது சதவீதத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். தினம் ஆறு மணி நேரம் எஞ்சினை ஓட்டினாலும் அது முழுமையாக நிறையாமலே இரண்டு வாரம் கழியும். அப்படிக் குறையாகவே கிடக்கும் பேட்டரியின் உள்தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தத் தொல்லை இல்லை. கொள்ளளவில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை அச்சமின்றி எடுக்கலாம். எடையும் பாதிக்குக் குறைவு: 100 ஆம்பியர் மணிக்கு ஈயம் 25 கிலோவுக்கு மேல் இருக்கும், லித்தியம் 12 கிலோ அளவில் அடங்கும். ஏழு மீட்டர் படகில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் அதைப் பழைய ஆல்டர்னேட்டருடன் நேரடியாக இணைப்பது ஆபத்து. லித்தியம் கேட்பதை எல்லாம் கொடுக்க முயன்று, குறைந்த சுழற்சியில் போதிய காற்றோட்டமும் இல்லாமல், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகலாம். பேட்டரியின் காப்புச் சுற்று திடீரென்று இணைப்பைத் துண்டித்தால், எழும் மிகை மின்னழுத்தத்தில் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடும். எனவே எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியை ஈய அமிலமாகவே வைத்துக்கொண்டு, அதற்கும் லித்தியத்துக்கும் நடுவே மின்னோட்டத்தை 30 ஆம்பியர் அளவில் கட்டுப்படுத்தும் டிசி–டிசி சார்ஜர் ஒன்றைப் பொருத்த வேண்டும். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை மின்னேற்றம் செய்யவே கூடாது என்பதையும் குளிர்காலத்தில் படகை எடுப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மின்கம்பி எழுதியது:

சல்பேட் பற்றி அலைக்கரை அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். அதற்குத்தான் சூரியத் தகடு: எஞ்சின் நின்ற பிறகும் மாலை வரை மெல்ல மெல்லக் கிடைக்கும் அந்த மின்னோட்டம், கடைசி இருபது சதவீதத்துக்கு மிகப் பொருத்தமானது. எடையைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் பழைய படகில் பேட்டரியின் வகையைவிட அவசரமான கேள்வி, அதிலிருந்து புறப்படும் கேபிளின் நிலை.

ஓர் எடுத்துக்காட்டு. முன்பக்கமான அணியத்தில் 10 ஆம்பியர் எடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது, பேட்டரியிலிருந்து தொலைவு 8 மீட்டர் என்று கொள்வோம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் செம்பின் நீளம் 16 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் வழியிலேயே 0.7 வோல்ட் இழப்பு, அதாவது ஆறு சதவீதத்தை ஒட்டி. 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.28 வோல்ட்டாகச் சுருங்கும். வழிகாட்டும் விளக்குகள், படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் போன்ற உயிர்காக்கும் சுற்றுகளில் மூன்று சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது. மற்றவற்றில் பத்து வரை பொறுக்கலாம். கேபிள் பல மெல்லிய இழைகளால் ஆனதாகவும் வெள்ளீயம் பூசியதாகவும் இருக்க வேண்டும். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி, எஞ்சின் அதிர்வில் முறிந்துவிடும்.

ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, கேபிளை. அதனால் அது கருவியின் அருகில் இருந்து பயனில்லை. பேட்டரியிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பழைய படகுகளில் முந்தைய உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கம்பியாகப் பேட்டரி முனையில் முறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அவற்றில் எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து பார்ப்பதே உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும்.

பௌ த்ரஸ்டரைப் பற்றி ஒரு வரி: 3 கிலோவாட் மோட்டார் 12 வோல்ட்டில் 250 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். அந்த மின்னோட்டத்தை அணியம் வரை கொண்டு செல்ல விரல் பருமனுள்ள கேபிளோ, முன்னாலேயே தனி பேட்டரியோ தேவை. ஏழு மீட்டர் படகுக்கு இது வீண் செலவு.

நங்கூரம் எழுதியது:

இத்தனை பேர் மின்சாரம் பற்றி எழுதியும் ஆற்றின் ஆபத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கால்வாயில் எஞ்சின் நின்றால் படகு மெல்லக் கரை ஒதுங்கும். அதிகபட்சம் ஒரு பிற்பகல் வீணாகும். ஆற்றில், அதுவும் தடுப்பணைக்கு மேற்புறத்தில் எஞ்சின் நின்றால், நீரோட்டம் உங்களை எங்கே கொண்டு செல்லும் என்பதை எண்ணிப் பாருங்கள். நீர்வழி அவர்களின் பட்டியலில் நங்கூரமே இல்லை. சங்கிலியும் கயிறும் இணைத்து, மறுமுனையைப் படகில் உறுதியாகக் கட்டி, அணியத்தில் உடனே வீசத் தயாராக வைத்திருக்க வேண்டும். பெட்டிக்குள், படுக்கைக்கு அடியில் இருக்கும் நங்கூரம் இருந்தும் இல்லாததற்குச் சமம். நீரின் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு நீளமாவது விட்டால்தான் அது தரையைக் கவ்வும். அமரத்திலிருந்து, அதாவது பின்பக்கத்திலிருந்து, நங்கூரமிட வேண்டாம். நீரோட்டம் தாழ்வான பின்பக்கத்தின் வழியாக உள்ளே ஏறிவிடும்.

எஞ்சின் ஏன் நிற்கும் என்பதற்கான காரணங்களும் சிலவே. ஆற்று நீரை உறிஞ்சிக் குளிர்விக்கும் எஞ்சின் என்றால், நீர்ப்பாசியும் பிளாஸ்டிக் பைகளும் வடிகட்டியை அடைக்கும். அடைத்தால், குளிர்விக்கும் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் நீரின்றிச் சுழன்று மிகச் சிறிது நேரத்திலேயே கிழிந்துவிடும். கிழிந்த துண்டுகளையும் தேடி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை வெப்பமாற்றியின் குழாய்களுக்குள் போய் அமர்ந்துகொள்ளும். தினமும் காலையில் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். கிளப்பியவுடன் புகைக்குழாயிலிருந்து நீர் வருகிறதா என்று எட்டிப் பாருங்கள். மாற்று இம்பெல்லர், மாற்று பெல்ட், இரண்டு டீசல் வடிகட்டிகள் படகில் இருக்கட்டும். நெடுநாள் கிடந்த தொட்டியின் அடியில் நீரும் அதில் வளரும் நுண்ணுயிர்க் கசடும் தங்கியிருக்கும். கால்வாயில் அமைதியாகக் கிடந்த அந்தக் கசடு, ஏரியில் காற்றெழுந்து படகு ஆடும்போதுதான் கலங்கி வடிகட்டிக்கு வரும். புறப்படும் முன்பே தொட்டியின் அடியை வடித்துவிடுவது நல்லது.

பில்ஜ் பம்ப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் இணைப்பு ஒன்று கழன்றால், மணிக்கு ஏறக்குறைய 2500 லிட்டர் உள்ளே வரும். பம்பின் மேல் 2000 என்று அச்சிட்டிருப்பது, நீரை மேலே தூக்காமல் அப்படியே தள்ளும்போது கிடைக்கும் அளவு. ஒரு மீட்டர் உயரம் தூக்கி, வளைந்த குழாய் வழியே வெளியேற்றும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது. நீர் ஏறினால் பம்பைத் தானே இயக்கும் மிதவை விசையை முதன்மைச் சுவிட்சின் வழியாக இணைக்க வேண்டாம். தனி ஃபியூஸுடன் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். நீங்கள் வீட்டில் உறங்கும் இரவில்தான் அது வேலை செய்ய வேண்டியிருக்கும்.

அமரம் எழுதியது:

நங்கூரம் அவர்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் உடன்படுகிறேன். இன்னும் இரண்டு அளவுகள் உண்டு: படகு நீருக்குள் அமிழும் ஆழமும், நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் உயரமும். இரண்டையும் விற்பவரின் தாளிலிருந்து எடுக்காமல் நீங்களே அளக்க வேண்டும். ஆழத்தைத் தொட்டிகள் நிறைந்திருக்கும்போதும், உயரத்தைத் தொட்டிகள் காலியாக இருக்கும்போதும் அளப்பது முக்கியம். போகும்போது பாலத்தின் அடியில் எளிதாக நுழைந்த படகு, நீரும் டீசலும் தீர்ந்து இலேசாகித் திரும்பும்போது சற்றே உயர்ந்து நிற்கும். இடையில் மழை பெய்து ஆற்றின் மட்டமும் ஏறியிருந்தால், அதே பாலம் வழியை மறிக்கும். சூரியத் தகடுகளைக் கால்கள் மீது தூக்கி நிறுத்தி அழகு பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கூரையோடு ஒட்டிக் கிடத்துங்கள்; தகடுக்கு அடியில் காற்றுப் போக ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி போதும்.

ஆழம் குறைந்த கால்வாயில் வேகம் கூட்டினால் படகு விரைவதில்லை. அடியில் ஓடும் நீர் வேகமெடுத்து அழுத்தம் குறைவதால் பின்பக்கம் தாழ்ந்து புரொப்பல்லர் சேற்றைக் கிளறும். பின்னால் வரும் அலை கரையோரத்தில் உடையத் தொடங்கினால், அதுவே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கு அடையாளம், டீசலும் மிச்சமாகும்.

லாக்கில் இறங்கும்போது கயிற்றை முடிச்சிட்டுக் கட்டாதீர்கள். கரையிலுள்ள கட்டையைச் சுற்றி மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, நீர் இறங்க இறங்க நெகிழ்த்திக்கொண்டே வர வேண்டும். மேல் கதவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் திண்டு, நீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அமரம் அதன்மேல் சிக்கினால் முன்பக்கம் மட்டும் இறங்கிப் படகு சில நிமிடங்களில் மூழ்கிவிடும். அதன் எல்லையைக் குறிக்கும் கோட்டுக்கு முன்னாலேயே படகை நிறுத்துங்கள்.

நீர்வழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. 64 மணி நேரம் என்ற எண்ணை வீட்டில் சொன்னதும், ஏரியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க ஒருமனதாக முடிவாகிவிட்டது. கால்வாய் முழுவதும், அதன்பின் ஆற்றில் முதல் 20 கிலோமீட்டர், பிறகு திரும்புதல். கழிவறை கேசட் வகைதான். அதைக் காலி செய்யும் இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, இரவுத் தங்கல்கள் தாமாகவே அமைந்துவிட்டன. ஹீட்டரையும் சமையல் எரிவாயுவையும் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?

நங்கூரம் எழுதியது:

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அது சன்னல் வழியே வெளியேறாது. படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டரை அறைக்குள்ளிருந்து முற்றிலும் பிரித்த பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் அடியிலிருந்து நேராகப் படகுக்கு வெளியே வடிகால் விட வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் தகுதிபெற்ற பணியாளரைக் கொண்டே செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறையில் பொருத்துங்கள். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக் கதவுகளைச் சாத்திக்கொள்வதைப் போன்ற ஆபத்தான பழக்கம் வேறில்லை.

மின்கம்பி எழுதியது:

2 கிலோவாட் டீசல் ஹீட்டர் ஓடும்போது அதிகம் எடுக்காது. பற்றவைக்கும்போது மட்டும் சில நிமிடங்களுக்கு 10 ஆம்பியர் வரை கேட்கும். அந்த நேரத்தில் கேபிளில் மின்னழுத்தம் விழுந்தால், அது தானாகவே நின்றுவிடும். ஹீட்டர் பழுது என்று கடைக்குக் கொண்டுபோகும் பலரின் குறை, உண்மையில் மெல்லிய கேபிளின் குறைதான்.

இன்னொன்று, பட்டியலில் இல்லாதது: படகின் அடியில், மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அவற்றைக் காக்கும் துத்தநாக ஆனோடு இருந்தால், நன்னீரில் அதன்மேல் படலம் படிந்து செயலிழந்துவிடும். நன்னீருக்கு மக்னீசியம்தான் பொருத்தம்.

அலைக்கரை எழுதியது:

பௌ த்ரஸ்டரை இவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டுமா? ஃபைபர் படகு இலேசானது. அடிப்பகுதி ஆழமாக இறங்காததால் பக்கவாட்டுக் காற்று அணியத்தை விருப்பம்போல் தள்ளும். கயிறு பிடித்துக் குதித்து இறங்க இயலாத துணையோடு பயணம் செய்பவர்களுக்கு அது ஆடம்பரம் அல்ல.

அமரம் எழுதியது:

அத்தகைய துணை இருந்தால் பேசலாம். எவரும் எப்போதும் படகிலிருந்து குதிக்கக் கூடாது என்பது தனி விஷயம். அணியத்திலிருந்து நடுப்பகுதி வரை நீளும் ஒரு கயிற்றை ஆயத்தமாக வைத்து, நடுவிலுள்ள கட்டையில் முதலில் கட்டிவிட்டால், ஏழு மீட்டர் படகைக் காற்றிலும் ஒருவரே கரையணைக்கலாம். ஒரு பருவம் அப்படிப் பழகிப் பார்த்துவிட்டு, பிறகும் தேவை என்றால் வாங்கட்டும்.

நீர்வழி எழுதியது:

அப்படியானால் எங்கள் வரிசை இது. பழைய கம்பிகளை வரைந்து, தேவையற்றவற்றை நீக்கி, ஃபியூஸ்களைப் பேட்டரியின் அருகே கொண்டுவருதல். பில்ஜ் பம்பும் மிதவை விசையும். நங்கூரம், சங்கிலி, கயிறு. டீசல் தொட்டியை வடித்தல், எரிவாயுப் பெட்டியைச் சோதித்தல். அதன்பிறகே இரண்டு ஈய அமில பேட்டரிகளும் 200 வாட் தகடுகளும் ஃபிரிட்ஜும். வரைபடத் திரைக்குப் பதில் இந்த ஆண்டு கைப்பேசியும் அச்சிட்ட வரைபடமும் போதும். ஹீட்டருக்கு இப்போதே தடித்த கேபிளை இழுத்து வைத்துவிடுவோம், கருவி பிறகு வரட்டும். லித்தியத்தையும் த்ரஸ்டரையும் பற்றி அலைக்கரை அவர்களோடு அடுத்த ஆண்டு மீண்டும் பேசுகிறேன்.

மின்கம்பி எழுதியது:

வரிசை சரியாக இருக்கிறது. புறப்படும் முன், கரை மின்சாரத்தை இணைக்காமல் ஓர் இரவு படகிலேயே தங்குங்கள். ஃபிரிட்ஜ், விளக்குகள் எல்லாம் வழக்கம்போல் ஓடட்டும். காலையில், தகட்டில் வெயில் படுவதற்கு முன்பே, எல்லாவற்றையும் அணைத்து ஒரு மணி நேரமாவது பேட்டரியை ஓய்வில் விட்டு மின்னழுத்தத்தைப் பாருங்கள். 12.4 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கணக்கு சரி. 12.2க்குக் கீழே போயிருந்தால் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது என்று பொருள். அப்போது மூன்றாவது பேட்டரியை வாங்க ஓடாமல், ஃபிரிட்ஜின் பின்புறத்தில் வெப்பம் வெளியேற வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.